முள் பச்சையில் இருந்தது

சம்பத்துக்கு மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. எஞ்சினுக்கு நோவு வந்தால் சத்தம் போடும், நோவு இல்லையென்றால் சும்மா ஓடும். மனிதன் நோவு இருந்தாலும் கத்துவான், இல்லாவிட்டாலும் கத்துவான். இவனை நம்பி எதை ரிப்பேர் பார்ப்பது என்பது அவன் கட்சி. மூச்சு வண்டிகள் வந்த பிறகு அந்தக் கட்சிக்கு ஆஸ்பத்திரியே ஆதரவு தந்ததில் அவனுக்கு மீசை கொஞ்சம் முறுக்கிக்கொண்டது.

பஞ்சாலைகளில் புது ரக இழை ஓட ஆரம்பித்த சில வருஷங்களில் தொழிலாளிகளின் நுரையீரல் விறைத்துப்போகத் தொடங்கியிருந்தது. மார்பு விரியாது, வெளிக்காற்று தானாக உள்ளே போகாது, யாராவது அழுத்தித் தள்ளவேண்டும். ஆஸ்பத்திரிச் சுவாச இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களில் பலர் காத்திருந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவானுக்கு யோசனை வந்தது. டர்போ என்பது என்ன? காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுகிற விசிறி. எஞ்சினுக்கு ஊட்டுவதில் ஒரு வாய் மனிதனுக்கு ஊட்டினால் என்ன?

பழைய டீசல் கார்களின் பின்சீட்டைப் பிடுங்கிப் படுக்கை போட்டார்கள். டர்போக் காற்றை வடிகட்டி, ஆறவைத்து, தொண்டையில் துளையிட்ட குழாய் வழியாக நுரையீரலுக்குள் விட்டார்கள். ராப்பகலாக எஞ்சின் ஓடவேண்டும்; எண்ணெய் மாற்றுகிற நேரத்துக்கு மட்டும் ஒரு காற்றுச் சிலிண்டர். ஆலை முதலாளிகள் ஆளுக்கு ஒரு காரைக் கொடுத்துக் கைகழுவினார்கள். கோயமுத்தூரைச் சுற்றி எந்தச் சந்தில் போனாலும் ஒரு வாசலில் ஒரு வண்டி உறுமிக்கொண்டிருக்கும், அதற்குள் ஒருவர் குடியிருப்பார்.

அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. ஆரம்பத்தில் வீட்டுக்காரர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துத் திருகினார்கள். முகம் சுளித்தால் குறைத்தார்கள். குறைத்துக் குறைத்துக் கொஞ்சம் பேரைப் பாசத்தாலேயே கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் எல்லா மூச்சு வண்டிக்கும் பூஸ்ட் மீட்டர் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

கோகிலவாணி தன் வண்டியைச் சம்பத்தின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தது அந்த உத்தரவுக்குப் பிறகு. பின்னால் அவள் கணவர் மயில்சாமி படுத்திருந்தார். அவள் இறங்கி, எஞ்சினை அணைக்காமல், மீட்டர் பெட்டியைச் சம்பத்திடம் நீட்டினாள்.

"ஏனுங்ண்ணா, இது எதுக்குங்? இத்தன நாளா அவரு மொகத்தப் பாத்துத்தானுங் திருகீட்டு இருக்கறேன்."

"மொகத்தப் பாத்துத்தான அம்மணி ஆடி மாசம் ஆளு நீலம் பாரிச்சுப் போனாரு?"

அவள் பெட்டியை அவன் கையில் வைத்துவிட்டாள். அந்த நாளைச் சொல்லிக் காட்டினால் எந்த வாதத்தையும் முடித்துவிடலாம் என்பது சம்பத்துக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

வேலை பெரிய வேலை இல்லை. மயில்சாமிக்குச் சிலிண்டரை மாட்டிவிட்டு, தொண்டைக்குப் போகும் குழாயை அறுத்து நடுவில் ஒரு மூன்றுவாய் இணைப்பைச் செருகி, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைப் பானெட்டுக்குள் இருந்த சென்சார் டப்பாவுக்கு இழுத்து, அங்கிருந்து ஒயரை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்தான். ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, கண்ணை மூடினால் தவிர தப்பிக்கவே முடியாத இடத்தில் வட்ட மீட்டரைப் பொருத்தினான்.

முதலில் முள் ஏறியது, இறங்க மறுத்தது. பானெட்டின் கீல் ரப்பர் குழாயை நசுக்கிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போய் மாட்டிக்கொண்டு திரும்ப வழியில்லாமல் நின்றது. பாதையை மாற்றிக் கட்டினான். அடுத்து முள் பேய் பிடித்தவள் தலை மாதிரி ஆடியது. ஊசித் துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டைக் குழாய்க்குள் செருகியதும் அடங்கியது. சோப்பு நுரையைத் தடவி இணைப்புகளில் கசிவு பார்த்தான், ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

கோகிலவாணி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த டப்பாவுக்கு எப்படீங் தெரியும், காத்து எவ்வளவுன்னு?"

"இதுக்கு ரெண்டு காது அம்மணி. ஒண்ணு குழாய்க்குள்ள இருக்கற காத்தக் கேக்கும். இங்க நடுவுல ஊசிமுன அளவு ஓட்ட தெரியுதா? இது வெளிக்காத்தக் கேக்கும். ரெண்டுக்கும் எத்தன வித்தியாசமோ, அதத்தான் முள்ளு சொல்லும்."

"ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் சொல்லுதுங்ளா? அப்ப எங்கூர்ப் பஞ்சாயத்துக்கு இதையே உக்கார வெச்சுருக்கலாமுங்."

சம்பத் சிரித்தான். அப்போது பின்னாலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. தொண்டையில் குழாய் இருப்பவர்களுக்குக் குரல் கிடையாது. மயில்சாமி கதவைத் தட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். அதிகமாக இருக்கிறது, குறை.

முள் பச்சைக்கு நட்ட நடுவில் நின்றது. சம்பத் தன் சோதனை மீட்டரையும் அதே குழாயில் மாட்டிப் பார்த்தான். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றையே சொல்லின. மயில்சாமியின் கை மறுபடியும் அமுக்கிக் காட்டியது. கோகிலவாணியின் விரல்கள் தாமாகவே திருகின் பக்கம் போயின.

"தொடாதீங்க" என்றான் சம்பத். "ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க? குழாய்க்காரங்க அதிகம் அதிகம்னுதான் சொல்லீட்டு இருப்பாங்க. வெறச்ச மாரு விரியறப்ப வலிக்கும். அதுக்கு எரக்கப்பட்டுக் கொறச்சீங்கன்னா மறுபடியும் நீலம்தான்."

"கண்ணாடில அவரு மொகம் தெரியுதுங்ண்ணா. மனசு கேக்க மாட்டீங்குது."

சம்பத் வண்டிக்குள் கைவிட்டு, பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்தான். "இனி ரோட்டப் பாருங்க, முள்ளப் பாருங்க. அது போதும்."

சொல்லக் கூடாதுதான், ஆனால் அவன் சொன்னது பலித்தது. ஒரு மாதத்தில் மயில்சாமிக்கு முகத்தில் ரத்தம் ஊறியது, கன்னம் கொஞ்சம் மேடு தட்டியது. கை மட்டும் நாள்தோறும் கீழ்நோக்கி அமுக்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. கோகிலவாணி ஊரில் நாலு பேரிடம் சம்பத் அண்ணன் கைராசியைச் சொல்ல, அவர்கள் எட்டுப் பேரிடம் சொன்னார்கள்.

ஆயுத பூஜை வந்தது. சம்பத் மற்ற நாளில் சாமிக்கு ஒரு கும்பிடுகூடப் போடமாட்டான். ஆயுத பூஜையில் மட்டும் அவனை மிஞ்ச ஆளில்லை. ஸ்பேனருக்குப் பொட்டு, ஜாக்கிக்குப் பொட்டு, வெல்டிங் மெஷினுக்குப் பொட்டு. சந்தனத்தைப் பன்னீர் விட்டு வழுவழுவென்று குழைத்து, கட்டை விரலால் அள்ளி வைப்பான். நடுவில் மோதிர விரலால் குங்குமம். அன்று பட்டறையில் இரண்டு மூச்சு வண்டிகள் நின்றன. ஒன்று கோகிலவாணியுடையது. இன்னொன்று ரெஜினா என்ற பெண்ணுடையது. வால்பாறை எஸ்டேட்டில் பிறந்தவள். ஆலை வேலைக்கு வந்து நுரையீரலைத் தொலைத்த தம்பி ஸ்டீபனைப் பொள்ளாச்சியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சரி என்றதும் அவனை மலைக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் காட்டவேண்டும் என்பது அவள் ஆசை.

"நாங்க வேதக்காரங்கண்ணே" என்றாள் ரெஜினா, சந்தனக் கிண்ணத்தைப் பார்த்து.

"நீதான வேதம்? வண்டிக்கு என்ன வேதம்?" என்று சம்பத் அதற்கும் வைத்தான். அவளும் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

நாலு சக்கரம், விளக்கு, ஸ்டியரிங், மீட்டர் கண்ணாடி எல்லாம் முடிந்து பானெட்டைத் திறந்தான். பாட்டரிக்கு ஒன்று, டர்போவுக்கு ஒன்று. பக்கத்தில் சென்சார் டப்பா இருந்தது. சதுர முகம், நடுவில் வட்டமாகச் சின்னக் குழிவு. பொட்டு வைக்கச் சொல்லியே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு வண்டியிலும் அந்தக் குழிவில் கட்டை விரலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினான். கோகிலவாணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புருஷன் உயிரே அந்த டப்பாவில்தானே இருக்கிறது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, பொரிகடலையோடு இரண்டு வண்டிகளும் வெளியே போயின.

அடுத்த வாரம் கோகிலவாணியின் வண்டி திரும்பி வந்தது. இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் ஓடவில்லை, படுக்கை காலியாக இருந்தது.

மகளுக்கு வளைகாப்பென்று நீலகிரி மலைமேல் அருவங்காட்டுக்குப் போகிற வழியில் மயில்சாமி இறந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிப் பொறியாளர் மறுநாள் வந்து வண்டியைச் சோதிப்பார், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று இழுத்துவந்தவன் சொல்லிவிட்டுப் போனான். தொடக்கூடாது என்றால் சம்பத்துக்குக் கை அரிக்கும். பானெட்டைத் திறந்தான்.

டப்பாவின் குழிவில் சந்தனம் காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது.

அவனுக்கு எல்லாம் ஒரே மூச்சில் புரிந்தது. வெளிக்காற்றைக் கேட்கிற காது அடைபட்டுவிட்டது. மலை ஏற ஏற வெளிக்காற்று லேசாகும். இந்தக் காதுக்குள் மாட்டியதோ கீழ்நாட்டுக் கனத்த காற்று. அதோடு ஒப்பிட்டால் குழாய்க் காற்று குறைவாகத்தான் தெரியும். முழுக்க அடைத்திருந்தால் முள் கீழே விழுந்து எல்லோருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அரைகுறையாக அடைத்திருந்ததால் நம்பும்படியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும். முள் இறங்க இறங்க அவள் கூட்டியிருப்பாள், நுரையீரல் தாங்காத அளவுக்குக் காற்று போயிருக்கும். அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தானே. பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நின்றது கொஞ்ச நேரம்தான். பிறகு சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, துளையிலிருந்து சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தான். பெட்ரோல் துணியால் துடைத்தான். வாயால் ஊதினான். மற்ற பொட்டுகளை அப்படியே விட்டான். எல்லாவற்றையும் அழித்தால் சந்தேகம் வரும் என்கிற அளவுக்கு அவனுக்கு மூளை வேலை செய்தது.

மறுநாள் பொறியாளர் வந்தார். தன் மீட்டரை மாட்டிப் பார்த்தார், குழாயை முகர்ந்து பார்த்தார், இரண்டும் ஒத்துப்போகிறது என்றார். நுரையீரல் தானாகவே கிழிந்திருக்கவேண்டும், விறைப்பு முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சம்பத் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார்.

ரெஜினாவின் நினைப்பு சம்பத்துக்கு வராமல் இல்லை. சோறு உள்ளே போகும்போதெல்லாம் வந்தது. ஒரு போன் போட்டு, ஏதோ ஒரு காரணம் சொல்லி வண்டியைக் கொண்டுவா என்றால் முடிந்தது. ஆனால் ஒரு சாவு நடந்த மறுநாளே இன்னொரு மூச்சு வண்டியைக் கூப்பிட்டால் அந்தப் பொறியாளர் மோப்பம் பிடிக்கமாட்டாரா? கொஞ்சம் ஆறட்டும். அவள் பொள்ளாச்சியில்தானே இருக்கிறாள், கீழ்நாட்டில் அது ஒன்றும் செய்யாது. டாக்டர் மலைக்கு விட இன்னும் நாளாகும். நாளைக்குப் போடலாம் என்று நினைத்தான். மறுநாளும் அதையே நினைத்தான்.

காரியம் முடிந்து கோகிலவாணி வந்தாள், வண்டிக்குள் இருந்த தலையணையையும் துண்டையும் எடுத்துப்போக. ஆளே பாதியாகியிருந்தாள். சம்பத் ஒரு லாரியின் கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தான். கை முழங்கை வரை கிரீஸ். எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"கல்லாறு தாண்டற வரைக்கும் நல்லா இருந்தாருங்ண்ணா" என்று தானாகவே ஆரம்பித்தாள். "பர்லியாறு ஏறும்போது முள்ளு கீழ வந்துச்சு. கொஞ்சம் திருகுனேன், பச்சைக்கு வந்துச்சு. நாலு வளைவுக்கு ஒருக்கா எறங்கும், நானும் திருகுவேன். அவரு தட்ட ஆரம்பிச்சாரு. சீட்டத் தட்டறாரு, கதவத் தட்டறாரு, எட்டி எந்தோளப் பிடிச்சு இழுக்கறாரு. வளைவுல வண்டி போய்டுமேன்னு கைய வெடுக்குனு தட்டி உட்டுட்டனுங். 'முள்ளு சரியாத்தான் இருக்குது, சும்மா இருங்க'ன்னு சத்தம் போட்டேன்."

சம்பத் கியர்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காட்டேரி ஊருகிட்ட வந்தப்பத் தட்டறத நிறுத்திட்டாரு. சரி, தூங்கறாருன்னு இருந்தேன். மக வளையலெல்லாம் அடுக்கி வெச்சுட்டு, அப்பாவப் பாக்கலாம்னு ஓடியாந்து அவதானுங் பொறத்தால கதவத் தொறந்தா." அவள் தலையணையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அவளும் இப்ப எங்கிட்டப் பேசறதில்லீங். அப்பா கூப்பிடக் கூப்பிட நீ திரும்பிப் பாக்கலியேங்கறா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். நீங்க மெக்கானிக்கு, பொய் சொல்ல வேண்டியதில்ல. மீட்டரு சரியா இருந்துச்சுங்ளா? அதோட ரெண்டு காதும் கேட்டுச்சுங்ளா?"

உண்மையைச் சொன்னால் இவள் கையாலேயே புருஷனைக் கொன்றாள் என்று ஆகும், அதை இவள் தாங்கமாட்டாள் என்று சம்பத் தனக்குள் சொல்லிக்கொண்டான். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வதற்கு இத்தனை கருணையான காரணம் கிடைத்ததில் அவனுக்கே ஆறுதலாக இருந்தது.

"கேட்டுச்சு அம்மணி. நானும் பாத்தேன், ஆஸ்பத்திரிக்காரரும் பாத்தாரு. மீட்டர்ல துளி கோளாறு இல்ல. நீங்க வெச்சது சரியான காத்து. அவரு விதி, நுரையீரலு தாங்கல."

அவள் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். "நாங் கொல்லலீங்" என்றாள். "நாங் கொல்லலீங்ண்ணா."

சம்பத்தின் போன் லாரி பம்பரின் மேல் கிடந்து அலறியது. கிரீஸ் கையோடு எடுக்க முடியாமல், முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, ரெஜினா பேசறேன்! வால்பாறை ஏறிட்டு இருக்கோம். அட்டகட்டி தாண்டிட்டோம். முள்ளு கீழயே வருதுண்ணே. கூட்டிக் கூட்டி வெக்கிறேன், மறுபடியும் இறங்குது. தம்பி கதவப் போட்டு ஒதைக்கிறான், அதிகம் அதிகம்னு கையக் காட்டறான். எனக்குப் பயமா இருக்கு. வண்டிய ஓரங்கட்டிட்டேன். கூட்டவா, கொறைக்கவா? சீக்கிரம் சொல்லுங்கண்ணே!"

பின்னால் கதவு இடிபடும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. சம்பத் வாயைத் திறந்தான். 'கொறை' என்று ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எதிரே ஸ்டூலில் கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொறை என்று சொன்ன மறு நொடி அவள் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"அண்ணே! இருக்கீங்களா?"

கோகிலவாணி எழுந்து வந்து போனின் பக்கம் குனிந்தாள். "கண்ணு, நான் கோகிலாக்கா. பூசையன்னிக்குப் பாத்தமே. பயப்படாத சாமி. நானும் உன்ன மாதிரித்தான் தடுமாறுனேன். முள்ளப் பாரு. பச்சைக்கு வர்ற வரைக்கும் திருகு. அவங்க மொகத்தப் பாத்துக் கொறச்சீன்னா ஆளு போயிருவாங்க. மீட்டரு பொய் சொல்லாது, இப்பத்தான் சம்பத்தண்ணன் எங்கிட்டச் சொன்னாரு. என்னுங்ண்ணா?"

அவள் திரும்பிச் சம்பத்தைப் பார்த்தாள். சம்பத் தலையை ஆட்டினான். போனில் தலையாட்டல் கேட்காது. ஆனால் அது கோகிலவாணிக்குப் போதுமாக இருந்தது. "ஆமாங்கறாரு கண்ணு. தைரியமாத் திருகு."

"சரிக்கா. திருகறேன்." மூச்சு வாங்குகிற சத்தம். கதவு ஒருமுறை பலமாக இடிபட்டது. பிறகு இன்னொரு முறை, மெதுவாக. "வருதுக்கா, மேல வருது. ஆ, பச்சைக்கு வந்துருச்சு. அக்கா, நீங்க நல்லா இருப்பீங்க. தம்பியும் தட்டறத நிறுத்திட்டான்."

நல்லது கண்ணு என்று சொல்ல வாயெடுத்த கோகிலவாணி அப்படியே நின்றாள். தலையணை கையிலிருந்து நழுவிக் கிரீஸ் தரையில் விழுந்தது. அவள் கண் மெதுவாகச் சம்பத்தின் முகத்துக்கு வந்தது. முள்ளை மட்டும் பார் என்று அவன் பழக்கிவிட்ட அந்தக் கண்கள் இப்போது ஒரு முகத்தைப் பார்த்தன.

"அண்ணா" என்றாள். "அவரும் இப்படித்தானுங் நிறுத்துனாரு."

போனில் ரெஜினா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். தூங்கறான் போலக்கா, அம்மாகிட்டப் போய் எழுப்பிக்கறேன் என்றாள். கோகிலவாணி பாய்ந்து போனை எடுக்க வந்தாள். சம்பத் அவளுக்கு முன்னால் கையை நீட்டி, கிரீஸ் விரலாலேயே அழுத்தி அதை அணைத்தான்.

"சிக்னல் போயிருச்சு அம்மணி" என்றான். "மலையில அப்படித்தான்."